பரந்தூர் ஏர்போர்ட்: ஏரித் தண்ணீர் எங்கே போகும்?

பெங்களூரு, ஹைதராபாத் இரண்டும் 2008-லேயே ஊருக்கு வெளியே புது விமான நிலையம் திறந்துவிட்டன. சென்னையோ மீனம்பாக்கத்தை வைத்தே சமாளிக்கிறது. அங்கே ஒரு பக்கம் அடையாறு, சுற்றிலும் குடியிருப்புகள். பெரிதாக விரிவாக்க இடமில்லை.

அதற்கான மாற்றுதான் பரந்தூர். சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. தூரத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஆண்டுக்கு 10 கோடி பயணிகள் இலக்கு. வேலைவாய்ப்பும் தொழில் முதலீடும் பெருகும் என்கிறது அரசு.

எதிர்ப்பு ஏன்?

5,000 ஏக்கருக்கும் மேல் நிலம் தேவை. அதில் வயல்களோடு ஏரி, குளங்களும் அடக்கம். ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் இந்த வழியாகத்தான் ஓடுகிறது. ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள்.

அனுமதி கிடைச்சாச்சா?

2025 ஏப்ரலில் மத்திய அரசு தந்தது கொள்கை அளவிலான ஒப்புதல். சுற்றுச்சூழல் அனுமதி வேறு. அதற்கு 2006 அறிவிக்கைப்படி முக்கியப் படிகள்:

1. எதையெல்லாம் ஆய்வு செய்ய வேண்டும் என்று வரையறுப்பது
2. வரைவு அறிக்கை
3. 30 நாள் முன்னறிவிப்போடு மக்கள் கருத்துக்கேட்பு
4. மத்திய நிபுணர் குழுவின் பரிசீலனை

இதில் ஒரு சிக்கல். அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பதே திட்டத்தைக் கொண்டு வருபவர்தான். அதனால்தான் கருத்துக்கேட்பு முக்கியம். மழை பெய்தால் எந்த வரப்பு உடையும் என்பது ஊர்க்காரருக்குத் தெரியும்.

அப்போ வளர்ச்சி?

மீனம்பாக்கத்தின் இரண்டாவது ரன்வே, அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. 2015 டிசம்பரில் ஆறு பெருகி உள்ளே புகுந்தது. விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் பறந்தன. 2023 மிக்ஜாம் புயலிலும் ரன்வேயில் தண்ணீர், மறுபடி மூடல். அன்று நின்றுபோனது பொருளாதாரமும்தான்.

ஆக, பரந்தூர் அறிக்கையில் தேட வேண்டியது மூன்று: மழைநீருக்கு மாற்றுப் பாதை எது? அழியும் ஏரிகளின் கொள்ளளவுக்கு ஈடு எங்கே? கீழ்ப்பகுதி ஊர்களுக்கு யார் பொறுப்பு? இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய நேரம், முதல் மண்ணைக் கொட்டுவதற்கு முன்னால்தான்.