பெயரில்லாத இளையாள்

காணாமல் போனவர்கள் – 9

தொலைபேசி மணி அடிக்கிறது. கணவன் வீட்டுக்கு வந்தபின் அவளுக்கு விடிந்த முதல் காலை அது. பெரிய மாளிகை. இருபத்தொரு வயதுப் பெண் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மேசையில் சின்னச் சின்ன அறைகள். பதில் எழுத வேண்டிய கடிதங்கள், வீட்டுச் செலவு, சமையல் பட்டியல் என்று ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. எல்லாம் ஒரே கையெழுத்து. அந்தக் கை இவளுடையதல்ல.

ஒலிவாங்கியை எடுக்கிறாள். மிஸஸ் டி விண்டர்தானே என்று மறுமுனையில் ஒரு குரல். தவறாகக் கேட்கிறீர்கள், அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்று பதில் சொல்லிவிடுகிறாள். வாய் மூடிய பிறகுதான் உறைக்கிறது, அந்தப் பெயர் இப்போது தன்னுடையது என்று. பேசியவள் அந்த வீட்டின் மேற்பார்வையாளர் மிஸஸ் டான்வர்ஸ். மதியச் சாப்பாட்டுக்கு என்ன சமைப்பது என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

டாஃப்னி டு மோரியர் எழுதிய ‘ரெபெக்கா’ நாவலில் இந்தக் காட்சியை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு அடிவயிறு பிசையும். சென்ற வாரம் அகதா கிறிஸ்டி 1926 டிசம்பரில் பதினோரு நாள் மாயமான கதையைப் பார்த்தோம். அங்கே நிஜமாகவே ஒரு மனைவி காணாமல் போனாள், நாடே தேடியது. இங்கே கதை வேறு. கடலுக்குப் போன முதல் மனைவி ரெபெக்கா திரும்பவில்லை. ஆனால் புத்தகத்தைப் படித்து முடிக்கும்போது நான் தேடுவது ரெபெக்காவை அல்ல, அந்தத் தொலைபேசியை எடுத்தவளை. நாவல் முழுக்கக் கதை சொல்பவள் அவள்தான். அவள் பெயர் என்ன என்று கடைசி வரி வரைக்கும் நமக்குத் தெரியாது. (முடிச்சை அவிழ்க்காமல் இந்த நாவலைப் பற்றிப் பேச வழியில்லை. படிக்காதவர்கள் முதலில் படித்துவிட்டு வந்தாலும் சரிதான்.)

ஒரு மேசை இழுப்பறைக் கடிதக்கட்டில்தான் எல்லாம் தொடங்கியது என்று சொல்லலாம். டாஃப்னியின் கணவர் ஃபிரெடெரிக் பிரௌனிங், ராணுவ அதிகாரி. டாஃப்னியின் முதல் நாவலைப் படித்துவிட்டு, எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்று தன் படகிலேயே கார்ன்வால் கரையிலுள்ள ஃபோய் ஊருக்கு வந்தவர். 1932 ஜூலையில் கல்யாணம். அதற்கு முன்னால் அவருக்கு வேறொரு பெண் நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. ஜேன் ரிக்கார்டோ என்று பெயர். கறுத்த கூந்தல், எடுப்பான அழகு. அவள் எழுதிய கடிதங்கள் டாஃப்னியின் கண்ணில் பட்டன. கடிதத்தில் இருந்த சேதியைவிட, கையெழுத்தில் ஓங்கி வளைந்து நின்ற ‘ஆர்’ என்ற எழுத்துதான் அவர் மனதில் முள்ளாகத் தைத்தது. தன்னைவிட அவள் மேல் இவருக்குப் பிரியம் அதிகமோ?

பிரௌனிங்குக்கு எகிப்தில் அலெக்சாண்டிரியாவுக்கு மாற்றலாயிற்று. டாஃப்னி கூடவே போனார். புழுக்கம், மணல், அதிகாரி மனைவி என்பதற்காகப் போய் உட்கார வேண்டிய விருந்துகள். யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாத கூச்சம். ஊர் நினைப்பு வேறு வாட்டியது. 1937-ல் அங்கேதான் இந்த நாவலை எழுத ஆரம்பித்தார். ஏறக்குறைய 15,000 சொற்கள் எழுதிய பிறகு பிடிக்காமல் கிழித்துப் போட்டார். இங்கிலாந்து திரும்பி, சில மாதங்களில் மறுபடி எழுதி முடித்தார். 1938 ஆகஸ்டில் விக்டர் கொலான்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை பதிப்பில் இல்லாத வருஷமே கிடையாது.

அந்த ‘ஆர்’ நாவல் முழுக்க நடமாடுகிறது. மாண்டே கார்லோ ஓட்டலில், பணக்கார அம்மாள் ஒருத்திக்குத் துணையாளாகச் சம்பளத்துக்கு இருக்கிறாள் நம் பெயரில்லாத பெண். நாற்பத்திரண்டு வயது மாக்ஸிம் டி விண்டர், மனைவியை இழந்தவர், அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறார். படிக்க ஒரு கவிதைப் புத்தகம் தருகிறார். முதல் பக்கத்தில் ரெபெக்கா எழுதிக் கொடுத்த வரி. கல்யாணத்துக்குக் கேட்ட அன்று அவள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, துண்டு துண்டாகக் கிழித்து, குப்பைக்கூடையில் போட்டு, அப்போதும் ஆறாமல் தீக்குச்சி கிழித்து வைக்கிறாள். தாள் சுருண்டு கருகுகிறது. கடைசியாக எரிவது அந்த ஒற்றை எழுத்துதான்; தீயில் நெளிந்து, இன்னும் பெரிதாகத் தெரிந்து, பிறகு அடங்குகிறது. அடங்கியது என்று அவள் நம்புகிறாள்.

மாண்டர்லி மாளிகைக்கு வந்தால் அங்கே மழைக்கோட்டுப் பையில் ‘ஆர்’ பின்னிய கைக்குட்டை. மேற்குப் பக்கத்து அறையில் ரெபெக்காவின் படுக்கை விரித்தபடியே இருக்கிறது. தூசி படியாத சீப்பு, மடித்து வைத்த இரவு உடை. மிஸஸ் டான்வர்ஸ் அவளைப் பிடித்து நிறுத்தி, ரெபெக்காவின் செருப்புக்குள் கையை நுழைத்துப் பார்க்கச் சொல்கிறாள், எவ்வளவு சின்னப் பாதம் பார் என்று. பேய் வரும் கதைகள் நிறையப் படித்திருக்கிறேன். இந்தச் செருப்புக்கு இணையாக எதுவும் பயமுறுத்தியதில்லை.

மூத்தாள், இளையாள் என்று நம் பேச்சில் இரண்டு சொற்கள் உண்டு. மூத்தாள் செத்துப்போயிருந்தாலும் இளையாள் இளையாள்தான். அவள் இல்லாமல் இவளுக்குப் பெயரில்லை. டாஃப்னி அதை அப்படியே எழுதிக் காட்டிவிட்டார். கதாநாயகிக்குப் பெயர் அகப்படவில்லை, பிறகு பெயரில்லாமலே எழுதிப் பார்ப்பது ஒரு சவாலாகிவிட்டது என்றுதான் அவர் பின்னாளில் சொன்னார். இருக்கலாம். எழுதுகிற கைக்குத் தெரிவது எல்லாம் எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டுமென்பதில்லை.

இனி படகுக்கு வருவோம். ஒரு ராத்திரி ரெபெக்கா தனியாகப் படகில் போனாள், புயலில் மூழ்கினாள் என்பது ஊரறிந்த கதை. இரண்டு மாதம் கழித்து தூரத்துக் கரையில் ஒதுங்கிய ஓர் உடலை, அவள்தான் என்று மாக்ஸிமே அடையாளம் காட்டிக் குடும்பக் கல்லறையில் அடக்கமும் ஆயிற்று. வருஷம் கழிகிறது. மாறுவேட விருந்தில் டான்வர்ஸ் சூழ்ச்சியால், ரெபெக்கா அணிந்த அதே உடையை அறியாமல் அணிந்து, இளையாள் எல்லார் முன்னாலும் கூனிக் குறுகுகிறாள். மறுநாள் காலை மூடுபனி. திறந்த ஜன்னல் ஓரமாக அவளை நிறுத்தி, குதித்துவிடேன், உனக்கு இங்கே என்ன இருக்கிறது என்று டான்வர்ஸ் காதோரம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவளும் கிட்டத்தட்டப் போய்விடுகிறாள். அந்த நேரம் வெளியே வெடிச்சத்தம். கரை தட்டிய கப்பல் ஒன்று உதவிக்கு அழைக்கிறது. கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்க இறங்கிய முக்குளிப்பவர் கண்ணில் படுகிறது ரெபெக்காவின் படகு. அறைக்குள்ளே ஓர் உடல்.

அப்படியானால் கல்லறையில் இருப்பது யார்?

அன்று மாக்ஸிம் மனைவியிடம் உண்மையைச் சொல்கிறார். ரெபெக்காவைச் சுட்டது நான்தான். படகில் கிடத்தி, ஓட்டை போட்டு மூழ்கடித்ததும் நான்தான். அவளை நான் ஒருநாளும் நேசித்ததில்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். கொலை செய்தேன் என்கிறான் ஒருவன். கேட்டவள் மனதில் பதிவது கொலை அல்ல. நேசித்ததில்லை என்ற சொல். அவள் நெஞ்சு லேசாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், நமக்கும் லேசாகிவிடுகிறது. அதன் பிறகு வரும் பக்கங்களில் நமக்கிருக்கும் பதைப்பெல்லாம் இவன் மாட்டிக்கொள்வானோ என்பதுதான். விசாரணையில் படகு கட்டுபவர் ஓட்டைகள் உள்ளிருந்து போட்டவை என்று சாட்சி சொல்லும்போது நம் உள்ளங்கை வியர்க்கிறது. தற்கொலை என்று தீர்ப்பானதும் மூச்சு விடுகிறோம். முதல்முறை படித்து முடித்த ராத்திரி நான் சந்தோஷமாகத் தூங்கினேன். பல வருஷம் கழித்து மறுபடி படித்தபோதுதான், எதற்குச் சந்தோஷப்பட்டேன் என்ற கேள்வி வந்தது. அது இன்னும் போகவில்லை.

ரெபெக்கா கெட்டவள், ஊரை ஏமாற்றினாள், வேறு ஆண்களோடு பழகினாள் என்றெல்லாம் தெரிந்துகொள்கிறோம். யார் சொல்லி? சுட்டவன் சொல்லி. அவனை விட்டால் போக்கிடம் இல்லாத ஒருத்தி அதை நம்மிடம் திருப்பிச் சொல்லி. ரெபெக்காவை உயிராக நேசித்த டான்வர்ஸ் சொல்வதை நாம் காதில் வாங்குவதே இல்லை. செத்தவளுக்கு வாய் இல்லை. கடைசியில் லண்டன் மருத்துவர் ஒருவர் வாயால், அவளுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது என்ற செய்தி மட்டும் வருகிறது. அந்த நோயோடு அவள் தனியாக எத்தனை நாள் இருந்தாள் என்று கதையில் யாரும் கேட்பதில்லை.

இதைக் காதல் கதை என்றே ஊர் கொண்டாடியது. டாஃப்னிக்கு அது வருத்தம். பொறாமை என்னவெல்லாம் செய்யும் என்று எழுதியதாகவே அவர் சொல்லிவந்தார். 1940-ல் ஹிட்ச்காக் படமாக எடுத்தபோது, மனைவியைக் கொன்ற கணவன் தண்டனையில்லாமல் போவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் படத்தில் ரெபெக்கா தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. படம் அழகுதான், ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி அதில் இல்லை. இந்தியிலும் 1964-ல் ‘கோஹ்ரா’ என்று வந்தது. வஹீதா ரஹ்மான் இளைய மனைவியாக, லலிதா பவார் மேற்பார்வையாளராக.

கதை திருட்டு என்று வழக்கும் வந்தது. 1947-ல் நியூயார்க் போய்க் கூண்டில் நின்றார் டாஃப்னி. அலெக்சாண்டிரியா நாட்களில் குறிப்பெழுதிய நோட்டுப் புத்தகத்தைச் சாட்சியமாகக் கொண்டுபோனார். அதில் கணவனுக்குப் பெயர் ஹென்றி. வழக்கு தள்ளுபடியானது. இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் கணவரின் இழுப்பறையிலிருந்து என்று எந்த மனைவி நீதிமன்றத்தில் சொல்வாள்? கூண்டில் நின்றபோது அவர் மனதில் அதுதான் ஓடியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நிஜ ‘ஆர்’ என்ன ஆனாள்? ஜேன் ரிக்கார்டோ வேறொருவரை மணந்தாள். 1944-ல் ரயில் முன் விழுந்து இறந்தாள். யாரையும் ஆட்டிப்படைக்கும் பலம் கொண்ட பெண்ணல்ல அவள். ஒரு எழுத்தின் வளைவை வைத்துக்கொண்டு இன்னொருத்தி கட்டிய உருவம்தான் அந்த ராட்சசி.

நாவல் தந்த பணத்தில் டாஃப்னி தன் மாண்டர்லியை அடைந்தார். ஃபோய் அருகே மெனபில்லி என்ற பழைய மாளிகை. இளம் வயதில் வேலி தாண்டிப் போய், கொடி படர்ந்து பாழடைந்து கிடந்ததைப் பார்த்து மயங்கிய வீடு. 1943-ல் குத்தகைக்கு எடுத்து, சொந்தமில்லாத கூரைக்குப் பணத்தைக் கொட்டிச் சீர்செய்து, 1969 வரை வாழ்ந்தார். கணவர் வேலை லண்டனில். 1957 ஜூலை, கல்யாணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு. பிரௌனிங் மனம் உடைந்து விழுந்தார். அப்போதுதான், லண்டனில் அவருக்கு வேறொரு உறவு இருப்பது டாஃப்னிக்குத் தெரிந்தது. ஐம்பது வயதில், தான் எழுதிய புத்தகத்துக்குள்ளேயே அவர் போய் உட்கார வேண்டியதாயிற்று. இந்த முறை மற்றவள் செத்தவளோ போனவளோ அல்ல.

மாக்ஸிம் தம்பதிக்கு என்ன கிடைத்தது என்பதை டாஃப்னி முன்னாடியே, இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். நாம்தான் முதல் வாசிப்பில் கவனிப்பதில்லை. மாளிகை எரிந்து போயாயிற்று. வெயில் கொளுத்தும் அயல்நாட்டில் சிறிய ஓட்டல். இருவரும் மாடி முகப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரிலிருந்து தாமதமாக வந்த பத்திரிகையில் கிரிக்கெட் செய்தியை அவள் சத்தமாகப் படிக்கிறாள். இங்கிலாந்துக் காட்டுப் புறாக்களைப் பற்றிய ஒரு கட்டுரையை ஒருநாள் அப்படித்தான் படிக்கப் போக, அவர் முகம் மாறியது. அதனால் இப்போதெல்லாம் முதலில் தனக்குள் படித்துப் பார்த்துவிட்டு, புறா, மரம், தோட்டம் இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டி, ஆட்ட விவரத்தை மட்டும் படிக்கிறாள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

(தொடரும்)