2,550 லிட்டர் சிறுநீரில் கிடைத்த 8 மில்லிகிராம் புதையல்!
ரத்தம் ஊற வைக்கும் ஊசி பிறந்த கதை

கிட்னி பழுதாகி "டயாலிசிஸ்" செய்து கொள்கிறவர்களில் பலருக்கு ஓர் ஊசியும் போடுவார்கள். "எதுக்கும்மா இது?" என்று கேட்டால், "ரத்தம் ஊறுறதுக்கு" என்பார் நர்சு.

அந்த மருந்தின் பெயர் எரித்ரோபாய்டின். சுருக்கமாக "எபோ".

மனித எபோ முதலில் எதில் இருந்து சுத்தமாகப் பிரித்து எடுக்கப்பட்டது தெரியுமா? ஜப்பான் நாட்டு நோயாளிகளின் சிறுநீரில் இருந்து!

கிட்னி போடும் உத்தரவு

சிறுநீரைப் பிரிப்பது மட்டும்தான் கிட்னியின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இன்னொரு வேலையும் உண்டு.

உடம்பில் பிராணவாயு குறைந்தால் கிட்னி கண்டுபிடித்து விடும். உடனே "எபோ" என்ற சிறு புரதத்தை ரத்தத்தில் அனுப்பும். அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், "சிவப்பு அணுக்களை உண்டாக்கு" என்று உத்தரவு போடும். இந்தப் புரதத்தைச் செய்யும் ஜீன், நமது 7-வது குரோமோசோமில் இருக்கிறது.

கிட்னி கெட்டால் உத்தரவு குறைந்து விடும். சோகை பிடிக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். முன்பெல்லாம் இவர்களுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவார்கள். அதில் மஞ்சள் காமாலைக் கிருமியும் தொற்றிக் கொள்ளும் ஆபத்து இருந்தது.

பட்டுத் துணியில் வந்த பொட்டலம்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் யூஜின் கோல்ட்வாசர் என்ற விஞ்ஞானி, 1955-ல் எபோவைத் தேடத் தொடங்கினார். பல ஆண்டுகள் ஆட்டு ரத்தத்தில் தேடினார். கிடைத்தது போதவில்லை.

ஜப்பானில் இருந்து கை கொடுத்தவர் டாக்டர் தகாஜி மியாகே. மஜ்ஜை வற்றிப் போன சோகை நோயாளிகளிடம் 2,550 லிட்டர் சிறுநீர் சேகரித்தார். மஜ்ஜை வேலை செய்யாததால் அவர்களது கிட்னி ஓயாமல் எபோவை அனுப்பும். மிச்சம் சிறுநீரில் வழியும்.

அதைக் காய வைத்து, பட்டுத் துணியில் சுற்றி, 1975-ல் சிகாகோவுக்குக் கொண்டு வந்தார். 1977-ல் சுத்தமான எபோ கிடைத்தது. சுமார் 8 மில்லிகிராம்தான்!

அதை வைத்து "ஆம்ஜென்" கம்பெனியின் ஃபூ குவென் லின் 1983-ல் ஜீனைப் பிடித்தார். அதை வெள்ளெலியின் செல்லுக்குள் வைத்து மருந்தைத் தயாரித்தார்கள். 1989-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. கம்பெனி கோடி கோடியாகச் சம்பாதித்தது. கோல்ட்வாசர் பெயரில் காப்புரிமை இல்லை!

திருட்டுத்தனம்

நல்ல மருந்தைக் கெட்ட வழிக்கும் திருப்பினார்கள். எபோ போட்டுக் கொண்டு ஓட்டியதை சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 2013-ல் டெலிவிஷனில் ஒப்புக் கொண்டார். அவருடைய 7 பட்டங்களும் அதற்கு முன்பே பறிபோய் விட்டன.

அளவு மீறினால் ரத்தம் கெட்டியாகி, மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். நோயாளிகளுக்கும் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் போடுவார்கள்.

சிறுநீர் கொடுத்த அந்த ஜப்பான்காரர்களுக்கு இந்த மருந்தால் பெரிய பலன் இல்லை. உத்தரவு போனாலும் கேட்பதற்கு மஜ்ஜை இல்லையே! பலன் அடைந்தவர்கள், அவர்கள் முகம் பார்த்திராத கிட்னி நோயாளிகள்.