தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கத்தைத் துல்லியமாக அளவிடல்

முன்னுரை

தனி ஊசல் சோதனையில் மாணவர் பெறும் விடை பெரும்பாலும் 9.81 மீ/வி² என்னும் மதிப்போடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுகிறது. எனினும் இம்மதிப்பு எல்லா இடங்களுக்கும் பொதுவானதன்று. புவி தன்னைத்தானே சுற்றுவதாலும் துருவப் பகுதிகளில் சற்றுத் தட்டையாக இருப்பதாலும், கடல்மட்டத்தில் புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780 ஆகவும் துருவங்களில் 9.832 ஆகவும் அமைகிறது. ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ள சென்னையில் அது 9.783 அளவினது. அங்கு 9.81 என எழுதும் மாணவரின் விடை 0.3 விழுக்காடு கூடுதலாகும். ஆகவே, விடையின் துல்லியம் எங்கிருந்து பெறப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பிழைகளின் மூலங்கள்

முடுக்கம் ஊசலின் நீளத்திற்கு நேர்விகிதத்திலும் அலைவுநேரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் உள்ளது. எனவே நேர அளவீட்டின் விழுக்காட்டுப் பிழை விடையில் இரட்டிப்பாகிறது. 1 மீட்டர் நீள ஊசலின் அலைவுநேரம் ஏறத்தாழ 2.01 வினாடி. நிறுத்து கடிகாரத்தை இயக்குவதில் 0.2 வினாடி பிழை நேர்ந்தால், 20 அலைவுகளுக்கு விடையில் 1 விழுக்காடும், 50 அலைவுகளுக்கு 0.4 விழுக்காடும் பிழை உண்டாகும். ஊசல் நடுநிலையைக் கடக்கும் கணத்திலிருந்து எண்ணுவதும், அளவீட்டைப் பலமுறை செய்து சராசரி காண்பதும் இவ்வொழுங்கற்ற பிழையைக் குறைக்கும்.

முறையான பிழைகள் சராசரியால் நீங்குவதில்லை. 10 பாகை வீச்சு அலைவுநேரத்தைச் சற்று நீட்டி, விடையை ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைக்கிறது. 5 பாகையில் இது 0.1 விழுக்காடே. குண்டின் ஆரத்தையும் கொக்கியையும் சேர்க்காமல் நீளத்தை 1 சென்டிமீட்டர் குறைவாகக் கொண்டால், விடை 1 விழுக்காடு குறையும்.

வரைபட முறை

இந்நீளப் பிழை எல்லா அளவீடுகளிலும் மாறாதிருப்பின் அதனை வரைபடத்தால் விலக்கலாம். கிடை அச்சில் நீளத்தையும் குத்து அச்சில் அலைவுநேரத்தின் இருமடியையும் குறித்தால் நேர்க்கோடு கிடைக்கும். அக்கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாவிடினும் அதன் சாய்வு மாறுவதில்லை. 39.48ஐச் சாய்வால் வகுக்க முடுக்கம் கிடைக்கும். விடுபட்ட நீளத்தை வெட்டுத்துண்டு காட்டிவிடும். ஆயின் வீச்சினால் வரும் பிழை சாய்விலும் தங்கும். அதற்குச் சிறிய வீச்சே தீர்வு.

முடிவுரை

9.75 ± 0.05 என்னும் விடை சென்னைக்குரிய மதிப்பைத் தன்னுள் அடக்குகிறது; பிழை எல்லையின்றி எழுதப்பட்ட 9.81 அவ்வாறு அடக்குவதில்லை. பாடநூல் மதிப்பிற்கு நெருங்கிய விடைக்கே மதிப்பெண் எனின், மாணவர் அளவீட்டைத் திருத்தி எழுதவே பழகுவர். பிழை எல்லையைக் கணித்து அதற்குக் காரணம் கூறுவதை மதிப்பிடுவதே இச்சோதனையின் நோக்கத்தை நிறைவேற்றும்.