தொப்பூர் ஏற்றமும் களி உருண்டையும்

சேலத்திலிருந்து தருமபுரி செல்லும் வழியில், தொப்பூர் கணவாயில் லாரிகள் திணறியபடி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நீங்கள் நடந்தே 100 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். உங்கள் நிறை 50 கிலோ என்றால் செய்யும் வேலை 50 × 9.8 × 100 = 49,000 ஜூல்; அதாவது சுமார் 12 கிலோ கலோரி. தசைகளின் பயனுறுதிறன் ஏறத்தாழ 25 சதவீதமே. ஆகவே உடல் செலவிடுவது 47 கிலோ கலோரி. (சாலையின் நீளத்தை நடந்து கடக்கும் செலவு தனி.) ஏறக்குறைய ஓர் இட்லி!

எனவே எடை குறைப்பதில் தட்டுக்கே பெரும் பங்கு. ஆனால் எதைக் குறைப்பது? மொத்தக் கலோரியையா, மாவுச்சத்தை மட்டுமா?

மாவுச்சத்தை நிறுத்தியவர் முதல் வாரத்திலேயே இளைத்துவிடுவார். காரணம் என்ன தெரியுமா? கல்லீரலிலும் தசைகளிலும் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் நீர் இருக்கும். 400 கிராம் கிளைக்கோஜன் தீர்ந்தால் தராசில் 1.6 கிலோ குறையும். கொழுப்போ அப்படியே இருக்கும்! மீண்டும் சோறு உண்டால் நீரும் திரும்பிவிடும்.

2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், 811 பேருக்கு நான்கு வகை உணவுத் திட்டங்கள் தரப்பட்டன. மாவுச்சத்து 35 முதல் 65 சதவீதம் வரை வேறுபட்டது. கலோரி எல்லாவற்றிலும் குறைக்கப்பட்டது. இரண்டாண்டு முடிவில் எல்லாப் பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு, சராசரி 4 கிலோ, குறைந்திருந்தது.

அப்படியானால் மாவுச்சத்தைப் பற்றிக் கவலையே வேண்டாமா? இரத்தச் சர்க்கரையின் கதை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் 18,090 பேரின் உணவை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட கணிப்பின்படி, நம் கலோரியில் 65 முதல் 75 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. நீரிழிவு உள்ளவர்கள் இதை மொத்தக் கலோரியில் சுமார் பாதி என்ற அளவுக்குக் குறைத்து, புரதத்தைக் கூட்டுவது நல்லது என்கிறது அது.

"நாங்கள் களிதானே உண்கிறோம்" என்று தருமபுரி நண்பர்கள் சொல்லக்கூடும். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏராளம், நார்ச்சத்தும் உண்டு. ஆனால் 100 கிராம் மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்துதான். உருண்டையின் அளவையும் பார்க்கத்தான் வேண்டும்.

வளரும் வயதினரான உங்களுக்குப் பட்டினி உணவுமுறை எதுவும் பொருந்தாது. வீட்டில் தாத்தா இன்சுலின் போட்டுக்கொள்பவரா? அவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயங்கி விழக்கூடும். மருத்துவர் முதலில் மருந்தின் அளவைத் திருத்தித் தரவேண்டும். சோற்றைக் குறைப்பது அதன் பிறகுதான்.