இசைத்தட்டில் ஒரு கனத்த குரல்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஓயாத கவலை ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் எந்தப் பாட்டைப் பாடி வளரப்போகிறார்கள் என்பதே அது. டில்லியில் கரோல் பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் நம் சிறுமியரைப் பாட்டு வாத்தியார் வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம். சரளி வரிசை பாடி முடித்த அவர்கள், வீடு திரும்பும் வழியில் இந்திப் படப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருகிறார்கள். இதைக் குறித்து வருந்துவோரும் உளர், நகைப்போரும் உளர். இத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்து, நாடறிந்த பாடகியான ஒருவரின் இசைத்தட்டு வாழ்க்கையை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அவர் உஷா உதுப்.

அவர் 1947ஆம் ஆண்டு பம்பாயில், சென்னையைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சாமி, பம்பாய்க் காவல் துறையில் அதிகாரியாக இருந்தவர். வீட்டு வானொலியில் கர்நாடக இசையும், படே குலாம் அலிகானின் இந்துஸ்தானி இசையும், மேனாட்டு இசையும் மாறிமாறி ஒலித்தன. மூத்த சகோதரிகள் ‘சாமி சிஸ்டர்ஸ்’ என்ற பெயரில் ஆங்கிலப் பாடல்களை மேடையில் பாடி வந்தனர்.

ஆயின் பள்ளியில் நேர்ந்தது வேறு. உஷாவின் குரல் கனத்தது, தாழ்ந்தது. மற்றச் சிறுமியரின் குரலோடு அது இசையவில்லை என்று கூறிப் பாட்டு வகுப்பிலிருந்து அவரை விலக்கிவிட்டனர்.

இதன் பொருளைச் சற்று விளக்குதல் நலம். கச்சேரி மேடையில் பெண்கள் பெரும்பாலும் நாலரை அல்லது ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவதையும், ஆடவர் ஒன்று அல்லது இரண்டு கட்டையில் பாடுவதையும் நாம் அறிவோம். திரைப்படப் பாட்டிலோ, லதா மங்கேஷ்கரின் வெற்றிக்குப் பின், மெல்லியதாய் உச்சத்தில் சஞ்சரிக்கும் குரலே பெண்குரலின் இலக்கணமாயிற்று. இசையமைப்பாளர்கள் அந்த அளவை மனத்திற் கொண்டே மெட்டமைத்தனர். ஆடவரின் தானத்தில் நின்று பாடும் பெண்ணுக்கு அங்கே இடமில்லை. பாட்டு இருக்கும் சுருதிக்குப் பாடகி ஏற வேண்டுமேயன்றி, பாடகிக்காகப் பாட்டு இறங்கி வராது.

அக்குரலுக்கு முதலில் இடமளித்தது வானொலியே. 1952இல் மத்திய அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைப் பெரிதும் குறைத்துவிட்டார். 1957இல் விவித் பாரதி தொடங்கும் வரை, மெல்லிசை வேண்டிய நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். (நம் வானொலியே தன் நேயர்களைக் கடல் கடந்து அனுப்பி வைத்தது என்று சொன்னால் அது குறையாகாது, நடந்தது அதுதான்.) அந்த இலங்கை வானொலியின் ஓவல்டின் நிகழ்ச்சியில், அமீன் சயானி அளித்த வாய்ப்பால், ஏறக்குறைய ஒன்பது வயதில் உஷா ஓர் ஆங்கிலப் பாடலைப் பாடினார்.

அடுத்த திருப்பம் நம் சென்னையில் நிகழ்ந்தது. மவுண்ட் ரோடில் சபையர் திரையரங்க வளாகத்தின் அடித்தளத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்னும் இரவு விடுதி இருந்தது. 1969 வாக்கில் அங்கே சேலையுடுத்திப் பொட்டிட்ட ஓர் இளம்பெண் ஆங்கிலப் பாடல்களைப் பாடக் கேட்டுச் சென்னை வியந்தது. மேனாட்டுப் பாட்டுக்கு மேனாட்டு உடை வேண்டும் என்ற எண்ணம் வலுவாயிருந்த காலம் அது. அவரோ வீட்டில் உடுத்தியதையே மேடையிலும் உடுத்தினார். விடுதி மேடையில் வாத்தியக் குழு பாடகியின் சுருதிக்கு இறங்கி வாசிக்கும். ஒலிபெருக்கி தாழ்ந்த குரலின் மூச்சையும் கம்மலையும் கூடக் கடைசி மேசை வரை கொண்டு சேர்க்கும். பள்ளியில் பழுதாகக் கருதப்பட்ட குரல் இங்கே செல்வமாயிற்று.

பின்னர்க் கல்கத்தாவில் பார்க் தெருவின் டிரிங்காஸ் விடுதி. அதன்பின் நம் டில்லி. இங்கே ஒபராய் ஹோட்டலில் பாடிக்கொண்டிருந்தபோது, நடிகர் தேவ் ஆனந்தும் அவர்தம் நவகேதன் குழுவினரும் கேட்டுப் படத்தில் பாட அழைத்தனர். 1971இல் வெளிவந்த ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ அந்தப் படம். நாடெங்கும் ஒலித்த ‘தம் மாரோ தம்’ பாட்டில் அவருக்கும் பங்கு இருக்கவேண்டும் என்பதே முதல் ஏற்பாடு. அது கைநழுவி, ஆங்கிலப் பகுதி கொண்ட மற்றொரு பாட்டே அவருக்குக் கிடைத்தது. முந்திய ஆண்டே ‘பம்பாய் டாக்கி’ என்னும் ஆங்கிலப் படத்திலும் பாடியிருந்தார்.

தொடக்க காலத் தட்டுகளில் அவர் பெயர் உஷா ஐயர் என்றிருக்கும். கோட்டயத்தைச் சேர்ந்த ஜானி சாக்கோ உதுப்பை மணந்தபின் உஷா உதுப் ஆனார். அந்தத் தட்டுகளுட் பல, 45 சுழற்சியில் ஓடும் ஏழங்குலச் சிறு தட்டுகள்; பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ பாட்டுகள்தாம் கொள்ளும். நாட்டின் பெரும்பாலான தட்டுகள் கல்கத்தாவை அடுத்த டம்டமில் இருந்த கிராமபோன் கம்பெனி ஆலையிலேயே அழுத்தி எடுக்கப்பட்டன. திரைப்பாடகியின் தட்டு படத்தோடு எழுந்து படத்தோடு அமிழும். உஷாவின் தட்டோ, முந்திய இரவு மேடையில் பாடியதையே வீட்டுக்கு எடுத்துச் செல்ல உதவியது. திரையுலகம் அழைக்காத ஆண்டுகளிலும் அவர் பிழைத்து நின்றதற்கு இதுவே காரணம் என்பது நம் கருத்து. கென்யாவில் சுவாகிலி மொழிப் பாட்டைப் பாடி, அந்நாட்டின் கௌரவக் குடியுரிமையும் பெற்றார்.

1980ஐ ஒட்டி டிஸ்கோ இசை வந்ததும் படவுலகமே அவரைத் தேடி வந்தது. ஆர்.டி. பர்மனின் ‘ஷான்’, பப்பி லஹிரியின் ‘அர்மான்’, ‘டிஸ்கோ டான்சர்’ ஆகிய படங்களின் பாட்டுகள் அக்காலத்தவை. அதே காலத்தில் மேற்கு வங்கத்தில் வேறொரு சோதனை நேர்ந்தது. அவர் பாட்டு பண்பாட்டைக் கெடுக்கிறது என்று அரசின் அமைச்சர் ஒருவர் கண்டித்து, அரசு அரங்குகளை அவருக்கு மூடினார். உஷா நீதிமன்றம் சென்றார். தீர்ப்பு அவர் பக்கமே வந்தது. அந்தக் கல்கத்தாவையே ஊராக்கிக்கொண்டு, வங்காளியிலும் பாடினார்.

உலகின் மறுகோடியிலும் இதற்கு இணை உண்டு. போர்ட்டோ ரிக்கோ தீவில் எழுந்த ‘ரெகேட்டோன்’ என்னும் ஆட்ட இசை ஆடவர் ஆட்சியாகவே இருந்தது. ஐவி குவீன் என்ற பெண் தம் தடித்த குரலோடு அதில் நுழைந்து, 1997இல் முதல் தனித்தொகுப்பை வெளியிட்டார்.

தமிழில் அவர் பாடியவை குறைவு. 1975இல் ‘மேல்நாட்டு மருமகள்’. 1990இல் இளையராஜா இசையில் ‘அஞ்சலி’. 2010இல் ‘மன்மதன் அம்பு’ படத்தில் நடித்தார். பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடிய தமிழ்ப்பெண்ணுக்குத் தமிழில் இத்துணைதானா என்று ஏங்குவோர் நம்மில் உண்டு. ஆயினும், பிறர் மொழியில் பாடிப் பிழைக்க வந்த குடும்பத்துப் பெண் அங்கேயே நிலைத்ததில் வியப்பென்ன?

2011இல் பத்மஸ்ரீ, அவ்வாண்டே வெளிவந்த ‘சாத் கூன் மாஃப்’ படப்பாட்டுக்குப் பிலிம்பேர் விருது. 2024இல் இங்கே குடியரசுத் தலைவர் மாளிகையில் பத்மபூஷண் பெற்றார். வாய்ப்புள்ள நேயர்கள் ‘அஞ்சலி’ பாட்டையும் 2011ஆம் ஆண்டுப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும், குரல் அதே கனத்தோடு கீழ்த்தானத்திலேயே நிற்கிறது.