காணும் பொங்கலுக்கு மறுநாள்

மாட்டின் கழுத்திலே மாலை சூட்டி, உற்றார் உறவினரைக் கண்டு களித்து, கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலே வந்து இறங்குகிறோம், தோழர்களே! கையிலே கரும்பு, நெஞ்சிலே கல்!

நாளை வேலை. நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஏன்? நாம் சோம்பேறிகளா? அப்படித்தான் சொல்கிறார்கள், குளிரூட்டிய அறையிலே கொலுவிருக்கும் கோமான்கள்! உழைப்புக்கு அஞ்சியவரல்லர் நாம். மூன்று நாள் ஓய்வுக்கு வட்டி வசூலிப்பதுபோல், விட்ட வேலை அத்தனையும் முதல் நாளே தலையில் விழுகிறதே, அதற்குத்தான் அஞ்சுகிறோம்.

உலக சுகாதார அமைப்பு 2019-இல் என்ன சொன்னது? சரிவரக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தமே ஆளை இப்படி ஓய்த்துப் போடுகிறது என்றது. பணியிடம்! தலைவிதியல்ல.

ஆகவே முதல் நாளிலேயே மலையைப் புரட்ட முயலவேண்டாம். அவசரம் எது, ஆறப்போடத்தக்கது எது என்று ஒரு தாளிலே பிரித்தெழுதுவோம். அதை மேலாளரிடம் நீட்டி, "எதை முதலில் முடிக்க?" என்று அவரையே கேட்போம். இயன்றவர் ஒரு நாள் முன்னதாகத் திரும்பி, நன்றாக உறங்கட்டும்.

துணிக்கடையிலே நிற்கும் தங்கைக்கு இந்த யோசனையால் என்ன பயன்? அவளுக்கு ஏது மேசை, ஏது தாள்? கடை ஊழியர் அமர இருக்கை தரவேண்டுமென்று கழக அரசு 2021-இல் சட்டம் செய்தது. இருக்கை வந்தும், உட்கார்ந்தால் முறைக்கிற முதலாளி இருந்தால்?

பிரான்சு நாட்டிலே, வேலை நேரத்துக்கு அப்பால் அலுவலகத் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. நம் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் அதற்கொரு வரி எழுதச் சொல்வோம், நாளை மாலையே!