கண்டியில் வீட்டுக் காற்றாலை: முதலிடுவதற்கு முன் சிந்திக்க வேண்டியவை

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு அமுலில் இருந்ததை நாம் மறந்துவிடவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருளில் மூழ்கியது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தாக்கியபோது கண்டி மாவட்டத்தின் பல கிராமங்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. இத்தகைய அனுபவங்களின் பின்னர், வீட்டுக்கென ஒரு சிறிய காற்றாலையை அமைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பானதே. ஆயினும், குடும்பத்தின் சேமிப்பை அதில் இடுவதற்கு முன்னர் சில உண்மைகளை அறிந்துகொள்வது அவசியமாகும்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலிருந்து பெறத்தக்க சக்தி எட்டு மடங்காகின்றது. வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகக் குறைகின்றது. இரண்டு மீற்றர் விட்டமுள்ள ஒரு சுழலியை எடுத்துக்கொள்வோம். விற்பனையாளர் அதனை 1,000 வாட் இயந்திரம் என்பார். அது பொய்யன்று. செக்கனுக்கு 12 மீற்றர், அதாவது மணிக்கு 43 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசும்போது அது ஏறத்தாழ அவ்வளவு மின்சாரத்தைத் தரக்கூடும். ஆனால், 6 மீற்றர் வேகத்தில் சுமார் 100 வாட்டையும், 3 மீற்றர் வேகத்தில் சுமார் 12 வாட்டையும் மாத்திரமே அது தரும். பிந்தியது ஒரு மின்குமிழுக்கே போதுமானது.

கண்டி நகரம் மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. ஒருபுறம் ஹந்தானை, மறுபுறம் நக்கிள்ஸ் தொடர். வாகனப் புகை நகரின் மேல் தேங்கி நிற்பதே இங்கு காற்றோட்டம் எவ்வளவு குறைவு என்பதற்குச் சான்றாகும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் காற்று வலுப்பெற்றாலும், இடைப்பருவ மாதங்களில் அது தணிந்துவிடுகின்றது. தெளிவான இரவுகளில் பள்ளத்தாக்குக் காற்று பெரும்பாலும் அசைவற்றிருக்கும். சஹர் நேரத்தில் விளக்கேற்ற வேண்டிய வீட்டாருக்கு அவ்வேளையில் காற்றாலை கைகொடுக்காது.

நாட்டின் பெரிய காற்றாலைகள் அமைக்கப்பட்ட இடங்களும் இதனையே உணர்த்துகின்றன. 1999இல் அம்பாந்தோட்டையிலும், 2010இல் புத்தளம் கரையோரத்திலும், 2020 டிசெம்பரில் மன்னாரிலும் அவை நிறுவப்பட்டன. மன்னாரின் தம்பபவனி 103.5 மெகாவாட் கொள்ளளவுடையது. மலையகத்தில் தெரிவுசெய்யப்பட்டது பள்ளத்தாக்கன்று. காற்று தடையின்றி வீசும் அம்பேவெல மேட்டுநிலமே.

கூரையின் மேல் பொருத்தினால் போதாதா என்று சிலர் வினவக்கூடும். பிரித்தானியாவில் கட்டடங்களின் மேல் பொருத்தப்பட்ட 26 சிறு காற்றாலைகளை ஆராய்ந்த வாரிக் பரிசோதனையின் முடிவு 2009இல் வெளியானது. ஒரு காற்றாலை நாளொன்றுக்குச் சராசரியாக 214 வாட் மணியையே தந்தது. மாதத்துக்கு அது ஆறரை அலகுகள் மாத்திரமே. அயல் கட்டடங்களும் மரங்களும் காற்றைக் குழப்புவதே இதற்குக் காரணம். 150 மீற்றர் சுற்றளவிலுள்ள எல்லாவற்றையும் விட 10 மீற்றராவது உயரத்தில் சுழலி இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. பலாவும் தென்னையும் மூன்று மாடி வீடுகளும் நெருங்கிய அக்குறணையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ அதற்கு எத்தனை உயரமான கோபுரம் தேவைப்படும்? மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளில் அதன் அத்திவாரமும் தனிப் பிரச்சினையாகும்.

இதற்கு மாறாக, ஒரு கிலோவாட் சூரியத் தகடு எமது நாட்டில் மாதம் சுமார் 100 அலகுகளைத் தரவல்லது. அதில் சுழலும் பாகங்கள் இல்லை, பராமரிப்பும் குறைவு. எனினும், மின்வெட்டுக்கு அஞ்சுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பற்றரி இன்றி மின்கட்டமைப்புடன் இணைக்கப்படும் சூரியத் தொகுதி, மின்சாரம் தடைப்படும்போது தானும் நின்றுவிடும். ஆதலால் தகடுகளுக்கு மாத்திரமன்றிப் பற்றரிக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

காற்றாலையே வேண்டாம் என்பதன்று எமது கருத்து. மின்கம்பிகள் எட்டாத, திறந்த மலைமுகட்டில் வாழ்வோருக்குச் சூரியத் தகட்டின் துணையாக அது பயன்படலாம். மழைமூட்டமான பருவக்காற்று மாதங்களில் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். அவர்களும் முதலில் வாங்க வேண்டியது காற்றாலையை அன்று, காற்றின் வேகத்தை அளக்கும் கருவியையே. சுழலி அமையவிருக்கும் உயரத்தில் அதனை ஓராண்டு நிறுத்தி அளந்து, சராசரி வேகம் 5 மீற்றரை எட்டுமாயின் மேற்கொண்டு சிந்திக்கலாம். எட்டாவிடின், அந்தச் சிறு செலவு பெருஞ்செலவொன்றைத் தடுத்ததாக எண்ணி ஆறுதலடைவதே நன்று.